சில்லைக்குருவிகள் வந்தாக வேண்டிய பொங்கல்

கல்லுமலைத் தோட்டத்தில் பெண்களின் கொண்டைக்குள் விரல் விட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு வேலை இருந்தது. அந்த வேலையைப் பார்த்தவர் ராக்கம்மா.

மலாயாவின் அவசரகாலத்தில் பிறந்த வேலை அது. அவசரகாலத்தோடு போயும் விட்டது. தம்பின் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாது என்பது சட்டம். விடியலில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் வயிற்றுக்குள் எதையும் கொண்டு போகலாம், கையில் கொண்டு போகக் கூடாது. அரிசி, நெல், ரொட்டி, சர்க்கரை, கருவாடு, எதுவும். ஆண்களைப் போலீசார் தடவிப் பார்த்தார்கள். பெண்களைத் தொட ஒரு பெண் வேண்டும். தோட்டத்துத் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி ராக்கம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ராக்கம்மாவுக்கு அப்போது முப்பது வயது ஆகவில்லை. பால்வெட்டும் கத்தி பட்டு வலது கைச் சுண்டுவிரல் மடங்காமல் போனதால் வெட்டில் பின்தங்கிக்கொண்டிருந்தார். “நீ பொய் சொல்ல மாட்டே, அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன்” என்றாராம் கிராணி. ராக்கம்மாவின் கணவர் வீரமுத்து புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயப்போடுகிறவர். அவர் வேறு காரணம் சொன்னார்.

“லயத்துல இருக்கிற கொண்டையெல்லாம் ஏற்கெனவே நீ போட்டு விட்டதுதானே. எது முடி, எது முடிச்சுன்னு உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?”

அதுவும் உண்மைதான். கல்யாணம், சடங்கு, திருவிழா எதுவானாலும் பெண்கள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்காருவது ராக்கம்மாவின் வாசலில். அதிகம் வந்து உட்கார்ந்தவர் அடுத்த வீட்டுப் பஞ்சாலை. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒன்றாகப் பேர் கொடுத்து, பக்கத்துப் பக்கத்து மர நிரையில் வெட்டி, ஒரே பால் கொட்டகையில் வாளியை இறக்கி வைத்தவர்கள் இருவரும்.

ராக்கம்மாவைச் செனாவாங்கில் அவர் மகள் வீட்டிலும், பஞ்சாலையைத் தம்பினிலும் பார்த்துப் பேசிய பிறகு எழுதுவது இது. இருவர் சொல்வதும் பெரும்பாலும் ஒத்துப் போகிறது. போகாத இடத்தில் இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

வேலி வருவதற்கு முன்னால், பொங்கலன்று கல்லுமலையில் பானை பொங்குவதைப் பார்க்க வந்த கூட்டத்தைவிடக் குருவி பார்க்க வந்த கூட்டம் அதிகம். காலையில் மாரியம்மன் கோயில் முகப்பில் நெற்கதிர்களைச் சடை போலப் பின்னிக் கொத்தாகத் தொங்கவிடுவார்கள். குருவிகளுக்கு. ரப்பர் தோட்டத்தில் நெல் ஏது என்று கேட்கலாம். தோட்டத்து எல்லையில் ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர்களின் வயல். அங்கே மாக் லீமா என்ற பெண்மணி தை பிறக்கும் நேரத்தில் ஒரு பிடி கதிர் அறுத்துப் பஞ்சாலையிடம் கொடுப்பார். சாமிக்கு என்று நினைத்துக்கொண்டுதான் கொடுத்தார். குருவிக்கு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொடுத்திருப்பாரா என்பது சந்தேகம்.

கொத்து தொங்கியதும் பந்தயம் தொடங்கும். முதலில் எந்தக் குருவி வந்து கொத்தப் போகிறது? தோட்டத்துக்கு வரும் சில்லைக்குருவிகளுக்கெல்லாம் லயத்து ஜனங்களே பெயர் வைத்திருந்தார்கள். தலை வெளுத்து உடம்பு பழுப்பாக இருப்பது கிழவி. நெஞ்சு முழுக்கச் செதில் செதிலாக இருப்பது மீன்காரி. தலையில் மைப்புட்டியைக் கவிழ்த்த மாதிரி இருப்பது கரிமூஞ்சி. தூக்கணாங்குருவிக்கு உச்சியில் மஞ்சள் ஏறும் காலமானால் அது மஞ்சத்தொப்பி. எப்போதாவது, சிரம்பான் டவுனில் எவர் வீட்டுக் கூண்டிலிருந்தோ தப்பித்த ஜாவாக் குருவி ஒன்று தடித்த சிவப்பு மூக்கும் வெள்ளைக் கன்னமுமாகத் தலைகாட்டும். அதற்கு டவுன்காரன் என்று பெயர். ஒவ்வொரு குடும்பமும் ஒரு குருவியைப் பிடித்துக்கொள்ளும். ஜெயித்த குருவிக்காரர்களுக்குக் கோயிலில் சாத்தி வைத்த கரும்பு.

வீரமுத்து எப்போதும் டவுன்காரன் கட்சி. எப்போதும் தோற்பார்.

“வராத குருவியையே ஏன்யா பிடிச்சுக்கிட்டுத் தொங்கறே?” என்பார் முனியாண்டி. கோயிலைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். பந்தயத்துக்கும் அவரே நீதிபதி.

“ஒரு வருசம் வந்துச்சுன்னா கரும்பு பூரா எனக்கு ஒருத்தனுக்குத்தான். உங்கள மாதிரி பத்துக் குடும்பத்தோட கணு கணுவாப் பிரிச்சுக்க வேண்டியதில்ல.”

ராக்கம்மாவும் பஞ்சாலையும் கிழவி கட்சி. கிழவி கொத்தின் நுனியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒரு மணியை எடுத்து, அலகுக்குள் உருட்டி, உமியைக் கீழே துப்புவதைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் இருவரும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார்கள். யார் பக்கம் ஜெயித்தாலும் கூட்டம் போடும் சத்தத்தில் குருவி பறந்துவிடும். பிறகு எல்லாரும் கலைந்ததும் கிழவி, மீன்காரி, கரிமூஞ்சி எல்லாம் சேர்ந்து வந்து சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போகும்.

வேலி போட்டபோது கோயில் வெளியே நின்றுவிட்டது.

தோட்டத்துத் துரை பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் காவலோடு போய்வர அனுமதித்தார். பானை வேலிக்குள்ளேதான் பொங்க வேண்டும். கோயிலுக்குப் பூவும் கற்பூரமும் மட்டும். நெல் கூடாது. வேலிக்கு வெளியே தொங்கும் நெல் யாருக்கு என்று போலீசார் கேட்டால், குருவிக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. இப்படியாக ஒரு பொங்கலுக்குக் குருவிக் கொத்து இல்லாமல் போயிற்று. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அதைவிடப் பெரிய காரியம் ஒன்று அடுத்த மாதமே நடந்தது.

தாயம்மா என்ற பெண், கைக்குழந்தைக்காரி. ஒரு நாள் விடியலில் அவர் தலைத்துணி மடிப்புக்குள் ராக்கம்மாவின் விரலில் சோறு ஒட்டியது. மத்தியானப் பசிக்கு வைத்த ஒரு கவளம். பக்கத்தில் போலீஸ் சார்ஜன் நின்றுகொண்டிருந்தார். ராக்கம்மா என்ன இருக்கிறதோ அதைச் சொன்னார். கோர்ட்டிலும் அவர்தான் சாட்சி. தாயம்மா குழந்தையோடு சிரம்பான் சிறைக்குப் போனார்.

அதற்குப் பிறகு ராக்கம்மாவிடம் யாரும் பேசவில்லை. திட்டவும் இல்லை. கேட்டில் வந்து நிற்பார்கள், கையை விரிப்பார்கள், அவர் தொட்டு முடித்ததும் போய்விடுவார்கள். வாசலில் எண்ணெய்க் கிண்ணம் வருவது நின்றது. பஞ்சாலையும் அதே வரிசையில் அதே மாதிரி நின்றார். அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும்.

1953 தைப்பொங்கல். கோயிலுக்குப் போகக் காலையிலேயே கேட்டில் வரிசை. பெண்கள் பக்கம் ராக்கம்மா. சற்றுத் தள்ளி சார்ஜன் மாட் நோர், ரெம்பாவ் ஊர் மலாய்க்காரர், துப்பாக்கியும் சாயம் போன காக்கிச் சட்டையுமாக. தோட்டத்தில் நாள்பட இருந்ததில் தமிழ் காதில் ஏறியிருந்தது. நாக்கில் மலாயோடு கலந்து வரும்.

பஞ்சாலை வந்து நின்றார். கையை விரித்தார். கொண்டை நிறைய மல்லிகை.

பஞ்சாலையின் முடியை ராக்கம்மாவுக்குத் தெரியும். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு கொட்டிப் போன முடி. எத்தனை இழுத்துக் கட்டினாலும் எலுமிச்சம்பழத்துக்கு மேல் வராது. அன்றைக்கு மல்லிகைக்குக் கீழே அது தேங்காய் போல இருந்தது. விரலை விட்டார். சுணை குத்தியது.

சில நாள் முன்பு ஓடையோரம் வெட்டும்போது மாக் லீமா வழக்கம் போலக் கதிர் கொடுத்திருக்கிறார். வெளியே மறைத்து வைத்தால் ரோந்துக்காரர்கள் கண்டுபிடிப்பார்கள். உள்ளே வரும்போது சோதனை கிடையாது. பஞ்சாலை பால் வாளிக்குள் வைத்து உள்ளே கொண்டுவந்து, வீட்டில் பின்னி, கொண்டைக்குள் சுருட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். கோயிலில் பூவைக் கழற்றும் சாக்கில் தொங்கவிட்டுவிடலாம் என்பது கணக்கு.

சொன்னால் பஞ்சாலையும் சிரம்பானுக்குப் போவார், தாயம்மா போன வழியே. சாட்சி சொல்ல மறுபடியும் ராக்கம்மாதான். சொல்லாமல் விட்டால், கோயில் முகப்பில் ஊர் பார்க்க நெல் தொங்கும். மத்தியான ரோந்து அந்த வழியாகத்தான் வரும். அப்போது ஒருத்தியோடு நிற்காது. கோயிலுக்குப் போன அத்தனை பேரையும் லாரியில் ஏற்றுவார்கள்.

விரல் கொண்டைக்குள்ளேயே இருந்தது. அதை ரொம்ப நேரம் என்கிறார் பஞ்சாலை. ஒரு மூச்சு விடுகிற நேரம் என்கிறார் ராக்கம்மா.

“சார்ஜன், இங்க நெல்லு இருக்கு.”

வரிசை அப்படியே நின்றுவிட்டது. பஞ்சாலை திரும்பிப் பார்க்காமல், “நீ நல்லா இருப்படி” என்றார். ஒரு வருஷத்தில் அவர் ராக்கம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை.

ராக்கம்மா பூவை விலக்கிக் கொத்தை உருவி எடுத்தார். பின்னல் குலையாமல் இருந்தது. அதைச் சார்ஜனிடம் நீட்டிக்கொண்டே அடுத்ததையும் சொன்னார்.

“இது மனுசனுக்கு இல்ல சார்ஜன். பிப்பிட்டுக்கு.”

மலாயில் சில்லைக்குருவிக்கு பிப்பிட் என்று பெயர். மாட் நோர் கொத்தைப் பார்த்தார், ராக்கம்மாவைப் பார்த்தார்.

“பிப்பிட்டுக்கா?”

“ஆமா. வருசா வருசம் கோயில்ல கட்டுவோம். அது வந்து திங்கும். நாங்க நின்னு பார்ப்போம்.”

“அக்கா, என்னை முட்டாள் ஆக்காதீங்க லா. உலகத்துல யாராவது பிப்பிட்டுக்கு மக்கான் போடுவாங்களா?”

“நாங்க சாப்பாடு போடுவோம்.”

மாட் நோருக்கு வந்தது சிரிப்பா கோபமா என்று வரிசையில் யாருக்கும் புரியவில்லை. கொத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் சேர்த்துப் பேசினார்.

“ரெம்பாவ்ல எங்க வயல் இப்ப முத்தி நிக்குது. இந்த நிமிசம் என் அம்மா பரண்ல உக்காந்து கயிறு கட்டித் தகர டப்பாவை இழுத்துக்கிட்டு இருக்கும். எதுக்கு? பிப்பிட்டைத் துரத்த. நானும் துரத்தினேன், எங்க அப்பாவும் துரத்தினாரு. ஸ்கூலுக்குப் போகாம துரத்தினேன். நீங்க அதை வாடான்னு கூப்பிட்டு விருந்து வைக்கிறீங்க.”

முனியாண்டி சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “உங்க வயல்ல தின்னுட்டு மிச்ச வயித்துக்குத்தான் சார்ஜன் இங்க வருது, கொஞ்சந்தான் திங்கும்” என்றார்.

“அண்ணே, நீ சும்மா இரு” என்றார் ராக்கம்மா.

மாட் நோர் கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெல் விளைவிக்கிறவர் அல்லவா, பின்னலைப் பார்க்கத் தெரிந்தது. பசிக்குக் கடத்துகிறவர்கள் உருவிப் பொட்டலமாகக் கட்டுவார்கள். இப்படிக் காம்போடு சடை பின்ன மாட்டார்கள். ஆனால் வரிசையே பார்த்துவிட்டது, மற்றப் போலீசாரும் பார்த்துவிட்டார்கள். ஒன்றுமில்லை என்று அனுப்ப முடியாது.

“சாயங்காலம் தம்பின்லேருந்து இன்ஸ்பெக்டர் லாரி வரும்” என்றார் கடைசியில். “கொத்தை இங்கேயே, இந்தக் கேட்டுல கட்டுங்க. என் கண்ணு முன்னால. லாரி வர்றதுக்குள்ள பிப்பிட் தின்னு தீர்த்துட்டா நீங்க சொன்னது நிஜம். இல்லாத நெல்லுக்கு நான் என்ன ரிப்போர்ட் எழுதறது? மிச்சம் இருந்தா நெல்லையும் காட்டணும், இந்த அம்மாவையும் காட்டணும். மனுசக் கை ஒரு மணி தொட்டாலும் கேஸ்தான். நீங்க ரெண்டு பேரும் இங்கேயே உக்காந்திருக்கணும்.”

கொத்தை ராக்கம்மாவே கட்டினார். கேட் தூணின் குறுக்குக் கட்டையில்.

கேட் குருவிக்குத் தோதான இடமே இல்லை. துப்பாக்கிக்குக் குறி தெரிய வேண்டும் என்று வேலியோரத்து லாலான் புல்லையெல்லாம் வெட்டி மொட்டையாக்கியிருந்தார்கள். சில்லைக்குப் புல்தான் வீடு. லாரித் தடம், காவல் கொட்டகை, பூட்ஸ் சத்தம். கோயிலில் வருகிற குருவி இங்கே எதற்கு வரும்? முனியாண்டி மட்டும் ஒரு போலீஸ்காரரோடு போய்ச் சாமிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு ஓடி வந்தார். வந்த கையோடு கூட்டத்தை அவரே கலைத்தார். நாயைக் கட்டச் சொன்னார். அழுகிற பிள்ளைகளைக் கடைசி லயத்துக்கு அனுப்பினார். தோட்டம் முழுக்க ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. பொங்கல் பானைகள் ஆறிக்கொண்டிருந்தன.

கேட்டருகே கவிழ்த்துப் போட்ட பால் வாளிகளின் மேல் இரண்டு பெண்களும். எதிரில் மரப்பெட்டி மேல் சார்ஜன். சத்தம் போட்டால் குருவி வராது என்பதால் ஒரு வருஷமாகப் பேசாதவர்கள் பேசாமலேயே இருந்திருக்கலாம். அன்றைக்குப் பார்த்து முடியவில்லை.

“கையை வெச்சப்பதான் தெரிஞ்சுதா?” பஞ்சாலை கிசுகிசுத்தார்.

“பார்த்தப்பவே தெரிஞ்சுது. உனக்கு ஏதுடி அவ்வளவு முடி?”

“விட்டிருக்கலாம்ல.”

“விட்டா நீ கோயில்ல கட்டிடுவே. ரோந்து வந்தா ஊரே உள்ள போகும்.”

“தாயம்மா சோறு ஊரை உள்ள வெச்சிருக்குமா?”

ராக்கம்மா தன் விரல்களைப் பார்த்தார். “அன்னைக்குச் சார்ஜன் பக்கத்துல நின்னாரு. விரல்ல பருக்கை ஒட்டியிருந்துச்சு. அதைத் துடைச்சுக்க எனக்குத் தோணல. இப்ப தினமும் தோணுது” என்றார்.

“சத்தம் வேணாம் லா” என்றார் சார்ஜன்.

முதலில் வந்தவை இரண்டு ஊர்க்குருவிகள். கம்பி மேல் உட்கார்ந்து கொத்தைப் பார்த்தன. எல்லார் வீட்டிலும் கூடு கட்டி, சோற்றுப் பருக்கை தின்று பழகியவை. நெல்லில் அக்கறை இல்லாமல் சமையல் சாக்கடைப் பக்கம் போய்விட்டன.

வெயில் ஏறியது. காற்று நின்றது. கொத்து அசையவே இல்லை. மத்தியானம் கடந்து நிழல் சாயத் தொடங்கியபோது சிறு கூட்டமாக வந்து முள்கம்பியில் வரிசையாக இறங்கின. வெள்ளைத் தலைகள். கிழவிகள். ஒன்று குறுக்குக் கட்டைக்குத் தாவியது. இன்னொன்று அதன் பக்கத்தில். முதலாவது கொத்தின் நுனியில் தொற்றிக்கொண்டு தலைகீழாகத் திரும்பி அலகைத் திறந்தது.

“ஹோ... ஹோய்” என்று பெருங்குரல். கூடவே பலமான கைத்தட்டல்.

கூட்டம் மொத்தமாகப் பறந்துவிட்டது.

கைத்தட்டியவர் சார்ஜன் மாட் நோர். பெட்டியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். தட்டிய கைகள் இன்னும் நெஞ்சுக்கு முன்னால் இருந்தன. நெற்கதிரில் பிப்பிட்டைப் பார்த்ததும் நடக்கிற காரியம், அவரைக் கேட்காமலேயே நடந்துவிட்டது. லயத்துப் பக்கம் ஒரு பெரிய முனகல் எழுந்து அடங்கியது.

அவர் இரண்டு பெண்களையும் பார்த்தார். “கை தானாப் போயிடுச்சு” என்றார்.

அப்போது பஞ்சாலை சிரித்தார் என்கிறார் ராக்கம்மா. நான் எங்கே சிரித்தேன், அழுதேன் என்கிறார் பஞ்சாலை.

“வந்துச்சு, நீங்களே பார்த்தீங்க” என்றார் ராக்கம்மா.

“வந்தது. நான் பார்த்தேன், ஒத்துக்கறேன். ஆனா கொத்து முழுசா இருக்குதே அக்கா. இன்ஸ்பெக்டர்கிட்ட என்ன சொல்வேன், நான் துரத்திட்டேன்னா?” அவர் குரலில் அதிகாரம் இல்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

“அப்படியே இருங்க சார்ஜன். கொசு கடிச்சாலும் எடுக்காதீங்க” என்றார் ராக்கம்மா.

துரத்தப்பட்ட சில்லை அந்த இடத்துக்குச் சீக்கிரம் திரும்பாது. அது அந்த மூன்று பேருக்கும் தெரியும். வெயில் மஞ்சளானது. தம்பின் ரோட்டில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் பஞ்சாலை முந்தானையை இறுக்கிக்கொண்டார். வீட்டில் கடைசிப் பிள்ளைக்கு யார் சோறு ஊட்டுவது, மூத்தவளைப் பால்வெட்டுக்கு இறக்காமல் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும், இப்படி ஒவ்வொன்றாக ராக்கம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தார். வேறு யாரிடமும் சொல்ல அங்கே ஆள் இல்லை. ராக்கம்மா எல்லாவற்றுக்கும் “சரி” என்றார்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மலைப் பக்கத்திலிருந்து அவை வந்தன.

இருவரும் நிறத்தை ஒரே மாதிரி சொல்கிறார்கள். முதுகு இளம் வாழையிலைப் பச்சை. முகம் நீலம். வயிற்றில் குங்குமத்தைக் கொட்டித் துடைத்த மாதிரி சிவப்பு. வாலும் சிவப்பு, ஊசி போல நீண்டு முடியும். சில்லை அளவுதான், ஆனால் சில்லையின் தயக்கம் இல்லை. கம்பியில் நின்று பார்க்கவில்லை, நேராகக் கொத்தில் வந்து விழுந்தன. உமி உதிரும் சத்தம் கேட்டது என்கிறார் ராக்கம்மா. அவ்வளவு அமைதி.

அந்த வருஷம் மலையடிவாரத்து மூங்கில்கள் பூத்து விதை விட்டிருந்தன என்பது ரோந்துக்காரர்கள் பேச்சில் அடிபட்ட செய்தி. மூங்கில் விதை விடும்போது மட்டும் எங்கிருந்தோ கூட்டமாக வந்து, விதை தீர்ந்ததும் காணாமல் போகும் பச்சைக் குருவி ஒன்று நம் மலையோரங்களில் உண்டு என்று பறவை பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். கல்லுமலைக்கு வந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் தோட்டத்தில் யாரும் அதைக் கண்டதில்லை.

“இது என்ன பிப்பிட்?” சார்ஜன் உதடு அசையாமல் கேட்டார்.

பச்சைகள் தின்பதைப் பார்த்துக் கிழவிகளுக்குத் தைரியம் வந்தது. பிறகு மீன்காரிகள். இடம் இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்று தொங்கி, சண்டை போட்டு, கொத்து ஊஞ்சல் போல ஆடியது. மாட் நோர் கைகள் மேல் உட்கார்ந்தபடி முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து துரத்திய குருவி கண் முன்னால் வயிறு முட்டத் தின்பதைப் பார்ப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்காது.

லாரி வந்தபோது கொத்தில் மணி இல்லை. இன்ஸ்பெக்டர் இறங்கி, தூணில் தொங்குவது என்ன என்று கேட்டார். “பொங்கல் அலங்காரம், துவான்” என்றார் சார்ஜன். இன்ஸ்பெக்டர் விரலால் தட்டிப் பார்த்தார். வைக்கோல். காவல் கொட்டகையில் கையெழுத்துப் போட்டுவிட்டு லாரி ஏறினார்.

லாரி திரும்பியதும் ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. அப்புறம் நடந்தது வழக்கமான பொங்கல் சண்டை. கரும்பு யாருக்கு? பச்சைக் குருவி யார் கட்சியிலும் இல்லை. முதலில் வந்து தொற்றியது கிழவிதான் என்றது ஒரு கூட்டம். தின்னாதது கணக்கில்லை என்றது இன்னொரு கூட்டம். வெளியூரிலிருந்து வந்த குருவி என்பதால் அது டவுன்காரனுக்குத்தான் சொந்தம் என்று வீரமுத்து வாதாடினார். முனியாண்டி தீர்ப்பை யோசிப்பதற்குள் பிள்ளைகள் கரும்பைத் தின்றுவிட்டார்கள். பானைகளை மறுபடி சூடு பண்ணினார்கள்.

ராக்கம்மா கேட்டிலேயே இருந்தார். தூணைச் சுற்றி உதிர்ந்த உமியைத் தடம் இல்லாமல் கூட்டி அள்ளும் வேலை பாக்கி இருந்தது.

மாட் நோர் கல்லுமலையில் இருந்தவரை பொங்கலுக்குப் பொங்கல் கேட்டில் கொத்து கட்ட விட்டார். குருவி வரும் நேரத்தில் மட்டும் கொட்டகைக்குள் போய்விடுவார், பார்க்க மாட்டார். வேலியைப் பிரித்த பிறகு கொத்து கோயிலுக்கே திரும்பியது. ராக்கம்மா களையெடுப்புக்குப் போனார். பிள்ளைகள் சிரம்பான் பக்கம் வேலைக்குப் போனார்கள், வீரமுத்து தோட்டத்திலேயே இறந்தார், ராக்கம்மா செனாவாங்குக்கு வந்தார். தாயம்மா சிறையிலிருந்து வந்ததும் கல்லுமலைக்குத் திரும்பாமல் லோபாக்கில் சொந்தக்காரர்களோடு தங்கிவிட்டார். ஒருமுறை சிரம்பான் பசாரில் ராக்கம்மா அவரைப் பார்த்திருக்கிறார். அவரும் பார்த்தார். பேசாமல் மீன் கடைப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். அதை ராக்கம்மா குறையாகச் சொல்லவில்லை.

அவர் திரும்பத் திரும்பச் சொல்வது பொங்கலுக்கு மறுநாள் காலையைப் பற்றித்தான். பெரட்டு முடிந்து பெண்கள் வாளியோடு கேட்டுக்கு வந்தார்கள். இருட்டு இன்னும் விலகவில்லை. வரிசையில் முதல் ஆள் பஞ்சாலை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“கொண்டை போடலையா?”

“நீ எப்படியும் பிரிக்கத்தான் போறே. எனக்கு எதுக்கு ரெண்டு வேலை?”

ராக்கம்மா முந்தானையை உதறிப் பார்த்தார். இடுப்பு மடிப்பு, வாளி, வாளி மூடி, கத்திப் பை. முடிக்குள்ளும் விரலை விட்டார். ஒன்றையும் விடவில்லை. பஞ்சாலை கையை விரித்தபடி, “நல்லாத் தேடுடி, மூக்குத்திக்குள்ள ஒரு மணி வெச்சிருக்கேன்” என்றார். ராக்கம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மூக்கையும் பார்த்தார். நேரம் ஆகிவிட்டது. வரிசையில் பின்னால் நின்ற, ஒரு வருஷமாக அவரிடம் வாய் திறக்காத ஒருத்தி எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

“ராக்கம்மா, அவகிட்ட என்ன இருக்குன்னு இவ்வளவு நேரம் தடவறே? சீக்கிரம் விடு, வெயில் ஏறினா பால் இறங்காது.”

“வர்றேன் இரு” என்றார் ராக்கம்மா.